மடியில் மருமகள், நாற்காலியில் கிம்பல்

போன ஆவணியில் என் அக்கா மகளுக்குக் காது குத்தினோம். அரிமளத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் அய்யனார் கோயில்தான் அத்தான் வீட்டுக் குலதெய்வம். அங்கே வைத்துத்தான் விசேஷம். எல்லோரும் வந்திருந்தோம், அத்தானைத் தவிர. துபாயில் வேலை பார்க்கிறார். ஊரெல்லாம் பத்திரிகை வைத்த பிறகு, கம்பெனியில் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை குப்புற விழப் பழகுவதற்கு முன்னால் விமானம் ஏறியவர். அதன் பிறகு அவளைப் பார்த்ததெல்லாம் போனில்தான்.

லீவு இல்லை என்று தெரிந்த அன்றே எனக்குக் கூப்பிட்டார். “மாப்ள, காது குத்துற நேரத்த மட்டும் ஆடாம எடுத்து அனுப்பிரு. போன தடவ நீ எடுத்தத பாத்து எனக்குத் தலைய சுத்திருச்சு.”

அவர் சொன்னது நியாயம்தான். அவர்கள் புது வீட்டுக்கு வாசல் நிலை வைத்தபோது நான் எடுத்த வீடியோ, பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து எடுத்தது மாதிரி இருந்தது. அவரோடு ரூமில் தங்கியிருப்பவர்கள், உங்கள் ஊரில் நிலநடுக்கமா என்று கேட்டார்களாம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கிம்பல் வாங்கினேன். போனை மாட்டுகிற கைப்பிடிதான். நம் கை ஆடினாலும் உள்ளே இருக்கும் மோட்டார் போனை ஆடவிடாது. போனை நடுவில் மாட்டாவிட்டால் மட்டும் அது முனகிக்கொண்டு நடுங்கும். கவரைக் கழற்றி, இங்கும் அங்கும் நகர்த்தி, ஒருவழியாக அதைச் சமாதானப்படுத்தினேன். அப்புறம்தான் தெரிந்தது, கை ஆட்டத்தை அது பார்த்துக்கொள்ளும், கால் குலுங்குவதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை மெதுவாக ஊன்றி நடக்கணும். நான் உரக்கடை வைத்திருக்கிறேன். மூட்டைகளுக்கு நடுவே நான் அப்படி நடந்து பழகுவதைப் பார்த்த ஒருவர், “என்னங்க, மூலமா?” என்று அக்கறையாக விசாரித்தார்.

விசேஷத்தன்று இன்னொரு சிக்கல். நான் தாய்மாமன். சீர்த்தட்டுகளோடு முன்னால் வர வேண்டியவனே நான்தான். ஆனால் அந்தச் சீர் வரிசையை எடுக்க வேண்டியவனும் நான்தான். தட்டு தூக்கியவர்கள் முகம் தெரிய வேண்டுமென்று, கிம்பலைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்து கோயிலுக்குள் போனேன். சின்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தாய்மாமன் முதுகக் காட்டிக்கிட்டா கோயிலுக்குள்ள வருவான்? திரும்பி நடடா” என்றார். நாதசுரக்காரர் சிரித்ததில் வாசிப்பு ஒரு கணம் நின்றுபோனது. ஆனாலும் வீடியோ ஆடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மொட்டை போட்டு, சந்தனம் தடவி, பிள்ளையை என் மடியில் உட்கார வைத்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதனால் கிம்பலை நான் பிடிக்க முடியாது. அடுத்தவர் கையில் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதன் அடியில் விரிகிற மூன்று கால்களில் அதை எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் நிறுத்திவிட்டு வந்தேன். திரையில் ஒரு முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டால், அந்த முகம் போகிற பக்கமெல்லாம் கிம்பல் தானாகத் திரும்பும். பிள்ளை முகத்தில் கட்டம் போட்டிருந்தேன்.

அக்காவைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். “நீயே பாத்துக்க, எனக்கு அங்கிட்டு வேல கெடக்கு” என்று சொல்லிவிட்டு விலகிப் போனாள். காலையிலிருந்து எல்லோரையும் வாங்க வாங்க என்று சிரித்த முகமாக வரவேற்றுக்கொண்டிருந்தவள். பந்தி வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசாரி ஊசியை எடுத்ததுமே பிள்ளை வீறிட்டு, என் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தேற்றித் திருப்பி, இரண்டு காதும் குத்தி முடித்தாயிற்று. எல்லாம் நல்லபடியாக நடந்தது.

சாப்பிட்டுவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை என் நெஞ்சில் முகத்தை மறைத்ததும், கிம்பலுக்கு அவள் முகம் தொலைந்துவிட்டது. பக்கத்தில் தேடி, கிடைத்த முகத்தைப் பிடித்துக்கொண்டது. அது அக்கா முகம். அதன் பிறகு அவளை விடவே இல்லை. பிள்ளையின் அழுகை மட்டும் கேட்கிறது. அக்கா வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கை தன் காதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணீர் வழிகிறது. மரத்தைச் சுற்றி நடக்கிறாள். கிம்பலும் கூடவே திரும்புகிறது. குத்தி முடிந்து குலவைச் சத்தம் கேட்டதும், முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி கூட்டத்துக்குள் வருகிறாள். இம்மியும் ஆட்டமில்லை.

மற்றவர்கள் எடுத்ததைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆசாரியின் முதுகுதான் இருந்தது. அத்தான் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வராத குறை. சீர் வரிசை வீடியோவோடு அதையும் அனுப்பி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. கோபம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் இருக்கும்போது கூப்பிட்டார். நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை.

“பாப்பாவத்தான் தெனமும் பாக்குறேனே மாப்ள. ஒங்கக்காவ யாரு எடுத்து அனுப்புறா? வீடியோ கால் போட்டாலும் போன பாப்பா பக்கமே திருப்பி வச்சுக்கிருவா. நேத்து கேட்டேன், எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமா நடந்துச்சுன்னு சொன்னா. நானும் நம்பிட்டேன்.”

அப்புறம், “இத நான் பாத்தேன்னு அவகிட்ட சொல்லிராத” என்றார். சரிங்க அத்தான் என்றேன். கடைக்கு வந்திருந்தவர் யூரியாவுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

காது குத்திய வீடியோ எங்கே என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். கிம்பல் ஏமாற்றிவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். அவளோடு பிறந்து வளர்ந்த நான், அன்று அத்தனை பக்கத்தில் இருந்தும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் எந்த விசேஷத்துக்குக் கிம்பலைத் தூக்கிக்கொண்டு போனாலும், வேலை இருக்கிறது என்று சொல்லி ஓரமாகப் போய் நிற்பது யார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன்.