பத்தாவது கட்டில்

பியூலாவுக்குக் கடவுள்மேல் நம்பிக்கை உண்டு; அரசாங்கப் படிவங்கள்மேல் அறவே கிடையாது. கடவுள் கேட்டதைத் தராவிட்டாலும், மூன்று நகல் எடுத்து வா என்று திருப்பி அனுப்புவதில்லையே என்பாள்.

வயது ஐம்பத்திரண்டு. சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆஸ்பத்திரியை இழுத்து மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் எழுப்பினார்கள். அவளும் ஒரு கல்யாணத்துக்குப் போய், பழைய பிரசவ வார்டு இருந்த இடத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். மறுவாரமே சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஆள் அனுப்பும் தொழில். மளிகைக்கடை மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, பதினொரு பெண்கள். இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, மூத்திரப் பையை மாற்றுவது, படுக்கைப்புண் வராமல் காப்பது என்று எல்லாம் அவளே சொல்லிக்கொடுத்தாள். போகிற வீடுகளிலோ, அய்யாவைக் குளிப்பாட்டிய கையோடு மாட்டையும் குளிப்பாட்டிவிடச் சொன்னார்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் மாதத்தில் வேலை கேட்டு வரிசையாக ஆள் வரும். சீசன் சூடு பிடித்தால், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகும் கம்பெனி வேன்கள் அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் சீசன் பார்த்துப் படுக்கத் தெரிவதில்லை, அதுதான் சிக்கல்.

எல்லா சீசனிலும் தங்கியவள் முருகம்மாள் ஒருத்திதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பட்டாசு ஆலையில் இடக்கை வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். நாற்பது நாள் அந்தக் கைக்குக் கட்டுப் போட்டவள் பியூலா. புண் ஆறிய அன்று, இனி இவளை அந்த வேலைக்கு விடுவதில்லை என்று மனதுக்குள் ஒரு சபதமும் போட்டுக்கொண்டாள். சபதத்துக்குச் செலவில்லை. ஆனால் முருகம்மாளின் மகள் அழகுமீனாவுக்கு வலிப்பு நோய். மாத்திரைச் செலவு மாதாமாதம் கழுத்தைப் பிடித்தது. பெரிய கம்பெனி ஒன்றில் இ.எஸ்.ஐ. அட்டை தருகிறார்கள், பிள்ளைக்கும் சேர்த்து வைத்தியம் இலவசம் என்று வேன்காரர் வீட்டு வாசலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஆவணி முடியுமட்டும் பாக்கேன் சிஸ்டர்," என்றாள் முருகம்மாள். "நீங்களும் அந்த அட்டைய வாங்கிக் குடுத்தா நான் ஏன் அங்கன போகப்போறேன்?"

ஒரு அறக்கட்டளை அந்த இ.எஸ்.ஐ. பணத்தைக் கட்ட ஒத்துக்கொண்டது. பியூலாவின் தொழிலுக்கு அரசாங்கப் பதிவு எண் மட்டும் வேண்டுமாம். பியூலா கிளம்பினாள். சுகாதார அலுவலகத்தில், நீங்கள் ஆஸ்பத்திரி இல்லையே என்றார்கள். தொழிலாளர் அலுவலகத்தில், நீங்கள் கடையும் இல்லை, ஆலையும் இல்லையே என்றார்கள். மூன்றாவது அலுவலகத்தில் ஒரு புண்ணியவான் இரக்கப்பட்டு முதியோர் இல்லத்துக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஏழாவது கேள்வி: படுக்கைகளின் எண்ணிக்கை.

"பூஜ்யம்னு போடும்மா. அவங்கவங்க வீட்டுலதான் படுத்திருக்காக," என்றாள் பியூலா, இ-சேவை மையத்தில்.

அங்கே கம்ப்யூட்டர் முன் இருந்த ஸ்வீட்டி என்ற பெண் தட்டிப் பார்த்தாள். "ஏத்துக்க மாட்டேங்குது ஆன்ட்டி. குறைஞ்சது பத்து கேக்குது."

பியூலா விரல்விட்டு எண்ணினாள். அப்போது அவளிடம் சரியாகப் பத்து நோயாளிகள். பத்துப் பேரும் கட்டிலில்தானே கிடக்கிறார்கள்? பத்து என்று போடச் சொன்னாள். பொய் சொன்ன உறுத்தல் துளியும் இல்லை.

ஆவணி கடைசி வாரத்தில் அந்த மூன்றாவது அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார் வேலுச்சாமி. நல்ல மனிதர், வேர்வைக்கு ஒரு துண்டு, கோப்புக்கு ஒரு உறை என்று எதற்கும் தயாராக வந்திருந்தார். அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"கட்டிலெல்லாம் எங்கம்மா?"

"வெளிய இருக்கு சார்."

"வெளியன்னா, மொட்ட மாடியிலயா?"

பியூலா நிலைமையை எடுத்துச் சொன்னாள். படிவத்தில் 'ஒரே கூரையின் கீழ்' என்று எங்கேயாவது போட்டிருக்கிறதா என்று அவர் புரட்டிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. 'கட்டடத்துக்குள்' என்று மட்டும் இருந்தது. சரி, காட்டுங்கள் என்று பெருமூச்சோடு ஜீப்பில் ஏறினார். மாலை நாலு மணிக்குள் ஒன்பது கட்டில்களை எண்ணி முடித்தார்கள். பியூலாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பத்தாவது, வெம்பக்கோட்டையை அடுத்த ஒரு கிராமத்தில், ஒச்சப்பன் வீட்டில்.

அங்கேதான் தப்பு நடந்தது. அந்தப் பக்கத்து ஊருக்குள் அரசாங்க ஜீப் நுழைந்தால் ஒரே அர்த்தம்தான்: வீட்டில் வைத்துத் திருட்டுத்தனமாகப் பட்டாசு வேலை செய்கிறவர்களைப் பிடிக்க வருகிறார்கள். ஜீப் தெருமுனை திரும்பியதுமே கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ஒருத்தி அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். கோழிகூட நிற்கவில்லை. கட்டில் எண்ண வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க பியூலாவுக்குத் தோன்றவில்லை. கட்டில் எண்ண வருகிறோம் என்றால் யார்தான் நம்புவார்கள்?

ஒச்சப்பன் ஒரு காலத்தில் நாற்பது ஏக்கர்க்காரர். பக்கவாதம் அவர் பேச்சையெல்லாம் வாரிக்கொண்டு போய், ஒரேயொரு கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவைத்திருந்தது. வேலுச்சாமி உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லி வரவேற்றார். மருமகள் கற்பகவல்லி மூச்சு வாங்க ஓரமாக நின்றாள். விரல்களெல்லாம் கருப்பு. பகல் வேலையில் இருந்த முருகம்மாள் கிணற்றடியில் துணி அலசிவிட்டு அப்போதுதான் வந்தாள். கட்டிலைப் பார்த்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், கட்டிலுக்கு அடியில ரெண்டு சாக்கு கருந்திரி இருக்கு."

கருந்திரி என்றால் வெடிக்கு வைக்கும் மருந்துத் திரி. ஒரு பொறி பட்டால் போதும். நகர முடியாதவர் கட்டிலை யாரும் தூக்கிப் பார்க்க மாட்டார்கள் என்று ஜீப் சத்தம் கேட்டதும் கற்பகவல்லி அங்கே தள்ளியிருக்கிறாள்.

வேலுச்சாமி கூரையைப் பார்த்தார். "நான் வந்தது கட்டில் எண்ண. அதுக்கு அடியில என்ன இருக்குங்கிறது வேற டிபார்ட்மென்ட்."

பேனா பத்து என்று எழுத இறங்கியது. பியூலா பேனா முனையையே பார்த்தாள். பத்து விழுந்தால் பதிவு, பதிவு வந்தால் அட்டை, அட்டை வந்தால் முருகம்மாள் தங்குவாள். ஜீப் போனபிறகு சாக்கை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள் நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்கே வெட்கப்பட்டாள்.

"மொதல்ல அய்யாவைத் தூக்குங்க," என்று கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள். முருகம்மாளும் கற்பகவல்லியும் ஜீப் டிரைவரும் மற்ற கால்களைப் பிடிக்க, ஒச்சப்பன் கட்டிலோடு தெருவுக்குப் போய் வேப்பமரத்தடியில் இறங்கினார். வழி நெடுக அந்த ஒற்றை வார்த்தையை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றரை வருஷம் கழித்து வானத்தைப் பார்த்த சந்தோஷமாக இருக்கலாம்.

"அறிவிருக்காம்மா ஒனக்கு? மனுசன் படுக்கிற எடமா இது?" என்று பியூலா கற்பகவல்லியிடம் பாய்ந்தாள்.

கற்பகவல்லி அழவில்லை. "மழ இல்லாத காட்டுல என்ன வெளையுது சிஸ்டர்? இவுகளப் பாக்க வர்ற ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் குடுக்கேனே, எங்கிருந்து குடுக்கேன்னு நெனைக்கீக?"

பியூலாவுக்குக் கன்னத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. குனிந்து ஒச்சப்பன் வாயோரம் வடிந்ததைத் துடைத்தாள்.

எந்தக் கடிதத்தையும் ஆறு மாதம் ஊறப்போடும் அலுவலகம் இந்தக் கடிதத்தை ஆறே நாளில் அனுப்பியது. பத்தாவது கட்டில் கட்டடத்துக்கு வெளியே காணப்பட்டதால் ஒன்பது கட்டில்களே கணக்கில் கொள்ளப்பட்டன, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கற்பகவல்லி சாக்குகளைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள். திரி உருட்டுவதை நிறுத்தியதாகச் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்த அன்று முருகம்மாள் மாடிக்கு வந்து சீருடைச் சேலையை மடித்து மேசையில் வைத்தாள்.

"மகளுக்காகப் போறேன் சிஸ்டர். கோவிச்சுக்கிடாதீக."

"வெந்த கைய வச்சுக்கிட்டு மறுபடி அந்த வேலைக்கா முருகம்மா? பயமா இல்லையா?"

"இருக்கு. இல்லாம எப்பிடி?" முருகம்மாள் நிதானமாகச் சொன்னாள். "ஆனா அங்கன வெடிமருந்து எந்த ரூமுல இருக்குன்னாவது தெரியும். கதவுல எழுதிப் போட்டிருப்பாக. ஒச்சப்பய்யா கட்டில்ல சாஞ்சுக்கிட்டுத்தான் அவுகளுக்குக் கஞ்சி ஊட்டுவேன். அன்னைக்குத்தான் தள்ளுனதா மருமக சொல்லுதாக. அதுக்கு முந்தி எத்தன நாளு அது அடியில இருந்துச்சோ, நமக்குத் தெரியுமா?"

அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. போகாதே என்று சொல்ல பியூலாவிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒச்சப்பனை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அனுப்ப ஆள் இல்லாததால், கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு தானே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.