லில்லி அக்காவின் இரண்டு பல்

பல் டாக்டரிடம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. அதிலும் பல்லைச் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்கள், வலிகூட இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டோமே என்ற முகத்தோடுதான் படியேறுவார்கள். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே பதினோரு வருஷமாக கிளினிக் வைத்திருக்கிறேன். பிடுங்குவது, அடைப்பது, வேர் சிகிச்சை எல்லாம் உண்டு. ஆனால் என் உயிரை வாங்குவது ஈறுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் அழுக்கு படிந்து, காரையாக இறுகி, அடியில் இருக்கும் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும். வலிக்காது. வலிக்காத ஒரு நோயை நம் ஜனங்களுக்குப் புரியவைக்கிற ஆள் யாராவது இருந்தால் அவருக்குக் கோயில் கட்டலாம். இதே தொழிலில் கிடந்து அல்லாடும் சக பாவிகளுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என்னுடன் முதல் நாளிலிருந்து இருப்பவர் லில்லி அக்கா. இரும்புலியூர்க்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் நோயாளியின் வாயில் கருவியை வைத்தால், எதிர்ப்பக்கம் நின்று எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் சக்ஷன் குழாயைப் பிடிப்பது அவர்தான். போன ஆயுத பூஜையன்று, அவருடைய கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு நிற்குமா விழுமா என்ற நிலையில் இருப்பது தெரியவந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராக அங்கே போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் முதலில் மற்றவர்களைக் கொஞ்சம் கேலி செய்துவிட்டு வருகிறேன். அது எனக்குக் கைவந்த வேலை.

தேய்க்காமல் வந்தவர்

பெருங்களத்தூர் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு சாப்ட்வேர் இளைஞர். ஆன்லைனில் நேரம் வாங்கி, சரியாகப் பத்து மணிக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். காலையில் சாப்பிட்ட பூரி கிழங்கு அப்படியே இருந்தது. மஞ்சள், கடுகு, கறிவேப்பிலை என்று பார்த்துப் பார்த்தே நான் சமையல் குறிப்பு எழுதியிருக்கலாம். லில்லி அக்கா மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் உருட்டினார்.

"பல் தேய்க்கலையா?" என்று கேட்டேன். கேள்வியே அவருக்கு விநோதமாக இருந்தது. கார் சர்வீஸுக்கு விடும்போது வீட்டிலேயே கழுவிவிட்டா கொண்டுபோவார்கள் என்கிற தோரணையில் எனக்குப் பொறுமையாக விளக்கினார்: "மேடம், இன்னைக்கு நீங்க எப்படியும் க்ளீன் பண்ணத்தானே போறீங்க, டபுள் ஒர்க் எதுக்குன்னு ரெண்டு நாளாவே ஸ்டாப் பண்ணிட்டேன்."

ஆறு பல் போதும்

குரோம்பேட்டையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். ஜி.எஸ்.டி. ரோட்டில் புடவை எடுத்து, ரவிக்கை தைக்கக் கொடுத்து, அதே நடையில் பல்லையும் முடித்துவிடலாம் என்று கிளம்பியிருந்தார்கள். பெண்ணின் முன்பற்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. கடைவாய்ப் பக்கம் ஈறு வீங்கி, தொட்ட இடமெல்லாம் ரத்தம். ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்யவேண்டும், நாலு தடவை வரவேண்டியிருக்கும் என்றேன்.

அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பின்னால் இருப்பதையெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். அதாவது, அழுகுகிற ஈறு மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பெண் ஏதோ சொல்லப் பார்த்தாள். நான் அந்த நேரம் பார்த்து அவள் வாய்க்குள் கண்ணாடியை விட்டு வைத்திருந்தேன். எங்கள் தொழிலின் பழைய கோளாறு இது. வாயை அடைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்போம். கடைசியில் அம்மாவே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "மேல முன்னாடி இருக்கற ஆறு பல்லை மட்டும் பளிச்சுனு பண்ணிடுங்க டாக்டர், போட்டோவுக்கு அவ அவ்வளவுதான் சிரிப்பா."

காரையைத் திரும்பக் கேட்டவர்

இவர் படப்பையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயதில் முதல் முறையாகப் பல் டாக்டரைப் பார்க்கிறார். கீழ்ப்பற்களுக்குப் பின்னால் காரை ஒரு சுவராகவே எழும்பியிருந்தது. ஒரு மணி நேரம் உடைத்து எடுத்தோம். லில்லி அக்கா அதைக் கிண்ணத்தில் சேர்த்துக் காட்ட, அவர் பெருமையாகப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் கோபமாக வந்து நின்றார். பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்துவிட்டதாம், காற்று போகிறதாம், நாக்கால் தள்ளினால் ஆடுகிறதாம். கெட்டியாக இருந்த பல்லை நான்தான் ஆட்டிவிட்டேன் என்று, வெளியே காத்திருந்த நாலு பேருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த நாலு பேரில் ஒருவர் சத்தமில்லாமல் எழுந்து படியிறங்கிவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாய் வராது. லில்லி அக்காதான் முன்னால் வருவார். "அண்ணா, உன் பல்லு ஸ்ட்ராங்கா இல்லண்ணா. அழுக்குதான் அத்த புடிச்சிகினு இருந்துச்சு. கீழ எலும்பு எப்பவோ கரைஞ்சு போச்சு. இருந்த ஆட்டம் இப்பதான் தெரியுது, அவ்ளோதான். இனிமே ஈற நல்லா பாத்துகினா இருக்கறது நிக்கும்" என்றார். கடைக்காரர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். சிமெண்டு விற்கிறவர், அஸ்திவார விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது என்று நான் நிம்மதியானேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சரிம்மா, கரைஞ்சது கரைஞ்சு போச்சு, அன்னைக்குக் கிண்ணத்துல வெச்சிருந்தியே, அதையே நல்லா கழுவி அதே எடத்துல ஒட்டிக் குடுத்துடுங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

ரத்தத்துக்குக் கொடுத்த ஓய்வு

சிட்லபாக்கத்தில் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர். இடது பக்கப் பற்கள் சுத்தமாக இருந்தன. வலது பக்கம் பார்க்கக் கூடாத காட்சி. விசாரித்தால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது பக்கம் பிரஷ் பட்டதும் ரத்தம் வந்திருக்கிறது. புண் ஆறட்டும் என்று அன்றிலிருந்து அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியவர். ரத்தம் வருகிற இடத்தில்தான் ஒழுங்காகத் தேய்க்கவேண்டும், அது தேய்க்காததால் வருகிற ரத்தம் என்றேன். அவர் என்னை நம்பவில்லை. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் வேறு மாதிரி வந்திருக்கிறதாம்.

லில்லி அக்காவிடம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பல்செட்டும் ஒரு முழ நீள பிரஷ்ஷும் உண்டு. என் பிரசங்கம் முழுக்க அவருக்கு மனப்பாடம். எந்தக் கோணத்தில் பிடிப்பது, எப்படி மெதுவாகச் சுழற்றுவது என்று செய்து காட்டினார். ஆசிரியர் மாணவியைச் சோதிப்பதுபோல் கேட்டார், "ஏம்மா, உனக்கு ரத்தம் வர்றதில்லையா?" லில்லி அக்கா பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பதில் சொல்வதற்குள் நான் சிரித்துக்கொண்டே முந்தினேன்: பல் கிளினிக்கிலேயே இருக்கிறவருக்கு எப்படி சார் வரும் என்றேன். லில்லி அக்கா பல்செட்டை மூடி வைத்தார். "ஆமா சார், என்னை மேடம் பாத்துப்பாங்க."

எல்லாரையும் பார்த்த முகாம்

சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இலவச பல் முகாம் வைத்தோம். பேருக்குத்தான் பல் முகாம். எல்லாரும் வந்தது இலவச பிரஷ்ஷுக்கு. ஒருவர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் வேறு வேறு சட்டை. சங்கத் தலைவர், அவர் மனைவி, வாட்ச்மேன், இஸ்திரி போடுகிறவர், லிப்ட் ரிப்பேருக்கு வந்து ஏமாந்து மாட்டிக்கொண்டவர் என்று ஒருவரையும் விடாமல் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் டார்ச் பிடித்தது லில்லி அக்கா. கொரோனா போன பிறகும் மாஸ்க்கைக் கழற்றாதவர் அவர். எவ்வளவு கட்டுப்பாடான மனுஷி என்று அன்று தலைவரிடம் பெருமையாகச் சொன்னேன். மதியம் சாம்பார் சாதம் வந்தது. தன் வடையையும் அப்பளத்தையும் எனக்கே வைத்துவிட்டு, சாதத்தை மட்டும் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் இரண்டு வடையையும் சந்தோஷமாகத் தின்றேன்.

கிளம்பும் நேரத்தில் மூன்றாவது மாடி அம்மா ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாட்டேன் என்றேன், விடவில்லை. கடைசியில் அதையும் பார்த்தேன். அன்று பார்த்த வாய்களிலேயே நல்ல ஈறு அதற்குத்தான். என்னைப் பார்க்கவைத்த அந்த அம்மாவின் வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "டாக்டர், இவ்வளவு பேர் வாயைப் பாத்துட்டு, கூடவே இருக்கற ஒரு ஜீவனை மட்டும் விட்டுட்டுப் போனா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

பொரி உருண்டை

ஆயுத பூஜைக்கு எங்கள் கிளினிக்கில் பொரி உருண்டை கொடுப்போம். பல் டாக்டர் போய் பொரி உருண்டை கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், தொழிலுக்கு நல்லது. லில்லி அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனால் பூஜை ஏற்பாடு முழுக்க அவருடையது. நாற்காலி, விளக்கு, எக்ஸ்ரே மெஷின், கருவித் தட்டு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். தன் பங்கு உருண்டையை மட்டும் வருஷா வருஷம், "வூட்டுல பசங்களுக்கு" என்று பையில் போட்டுக்கொள்வார். இந்த முறை நான் பிடிவாதம் பிடித்தேன். பசங்களுக்குத் தனியாகத் தருகிறேன், இதை இங்கேயே சாப்பிடுங்கள் என்றேன். என் பேச்சைத் தட்டாதவர், மாஸ்க்கை இறக்கி, சுவர்ப் பக்கம் திரும்பிக் கடித்தார். அப்படியே நின்றுவிட்டார். உருண்டையை அவசரமாக டிஷ்யூவில் சுற்றினார். டிஷ்யூ சிவப்பாகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல மேடம்" என்றார்.

பொட்டு வைத்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். "இன்னிக்கு ஆயுதம் எடுக்கக் கூடாது மேடம்" என்று எனக்கே சாஸ்திரம் சொன்னார். கண்ணாடியில் இருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தேன். ஊருக்கெல்லாம் நான் பிளாஸ்டிக் பல்செட்டில் காட்டிப் பயமுறுத்துகிற எல்லாமே அங்கே இருந்தது. முன்பற்கள் இரண்டும் விரல் வைத்தால் ஆடின. எக்ஸ்ரேயில் ஒன்றுக்கு எலும்பே இல்லை, இன்னொன்றுக்குப் பாதி இருந்தது. இது ஒரு மாதத்தில் வருகிற வியாதி இல்லை. எத்தனையோ வருஷமாக என் முழங்கைக்குப் பக்கத்தில் வளர்ந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவரையே திட்டினேன்.

நாலு தடவையாக ஆழமாகச் சுத்தம் செய்தேன். சக்ஷன் பிடிக்க ஆள் இல்லை. பிடிக்கிறவர்தான் நாற்காலியில் படுத்திருந்தாரே. அதனால் தன் வாய்க்குத் தானே குழாயைப் பிடித்துக்கொண்டார். என் கை அடுத்து எங்கே போகும் என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. குழாய் ஒரு முறைகூட என் வழியில் வரவில்லை. ஒரு பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டேன். இன்னொன்றைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பி வைத்துக் கட்டினேன், இன்றுவரை நிற்கிறது. கடைசி நாள், வழக்கம்போல் கருவியை வாய்க்குள் வைத்துக்கொண்டே, "ஏன் அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று கேட்டேன். ஒரு விரலைத் தூக்கினார். கையை எடுத்தேன். குழாயால் உறிஞ்சி, கொப்பளித்து, துப்பி, வாயைத் துடைத்துக்கொண்டார். குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குத் தேவலாம். "வர்றவங்க எல்லாரையும் 'ஆ காட்டுங்க'ன்னு சொல்றீங்க மேடம், என்னாண்ட 'சக்ஷன் குடுங்க'ன்னுதானே கேட்டுகினு இருந்தீங்க, நீங்க கேட்டத்த நான் குடுத்துகினு இருந்தேன்."

தாம்பரத்திலிருந்து படப்பை வரை எல்லார் வாயையும், ஒரு நாயின் வாய் உட்பட, பார்த்து முடித்த எனக்கு, ஒரு கை தூரத்தில் நின்ற வாயைப் பார்க்க பதினோரு வருஷமும் ஒரு பொரி உருண்டையும் தேவைப்பட்டன.