மருந்து அறை ஓரத்து மூங்கில்

விருதுநகரில் தோட்டம் வடிவமைத்துக் கொடுக்கும் பர்வீன், ஆமத்தூர் வேலைக்குப் பிறகுதான் எதையும் எழுதி வாங்கத் தொடங்கினாள். அந்த வீட்டுக்காரர் கழிவுநீர்த் தொட்டி ஓரமாக மரம் வைக்கச் சொன்னார். வேண்டாமென்றாள், கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் வேர் தொட்டியைப் பிளந்ததும், "நீங்கதான வச்சீக?" என்றார். அவள் தடுத்துச் சொன்னதற்குச் சாட்சி யாருமில்லை.

ஆகவே அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனி முதலாளி சிவபாண்டி கூப்பிட்டபோது, வரைபடத்தோடு இரண்டு பக்க ஒப்பந்தமும் கொண்டுபோனாள். அலுவலகத்தைச் சுற்றி நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் அவருக்குப் பிடித்திருந்தன.

"வெடிமருந்து கலக்குற ரூமுக்குப் பின்னால மொட்டையா கெடக்கு. அங்கன மூங்கில் வச்சா பொம்பளையாளுக நெழல்ல சாப்பிடுவாகல்ல?"

"சருகு கொட்டிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. ஒரு பொறி பட்டாப் பத்திக்கும், மருந்துப் பக்கத்துல அது ஆகாது. நான் வைக்க மாட்டேன்."

"சரி, விடுங்க."

"அதையும் எழுதியிருக்கேன். இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எம்மேல அம்புட்டு நம்பிக்கையாம்மா?" சிரித்துக்கொண்டே போட்டார்.

இரண்டு வருஷம் கழித்துக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சோதனைக்கு வந்த அதிகாரி, தோட்டம் போட்டவரைப் பார்க்க வேண்டுமாம். பர்வீன் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்தாள். தனியாகப் போக மனமில்லாமல் கணவன் ஆசிப்பையும் அழைத்துக்கொண்டாள்.

மருந்து அறைக்குப் பின்னால் வரிசையாக மூங்கில். கணுக்கால் ஆழத்துக்குச் சருகு.

"இது நான் வச்சதில்ல சார்" என்று ஒப்பந்தத்தை நீட்டினாள். அதிகாரி படித்துவிட்டுச் சிவபாண்டியைப் பார்த்தார்.

"அவுக வேண்டாம்னுதான் சொன்னாக. நாந்தான் வேற ஆள வச்சு நட்டேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

ஒரு வாரத்தில் அகற்ற வேண்டுமென்று அதிகாரி எழுதிக் கொடுத்தார். அதில் பர்வீன் பெயர் இல்லை.

"நீங்களே எடுத்துக் குடுத்துருங்கம்மா" என்றார் சிவபாண்டி.

அங்கேயே ஒரு தாளில் எழுதினாள்: மருந்தை முழுக்க அப்புறப்படுத்தி, அறையைக் கழுவிப் பூட்டிய பிறகே மண்ணில் கடப்பாரை இறங்கும், அன்று கம்பெனிக்கு விடுமுறை. இந்த முறை சிவபாண்டி வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. பெண்களுக்கு நிழல் வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டது தப்பில்லை, இடம்தான் தப்பு என்று அவளுக்கும் பட்டது. மூங்கிலை எடுத்து முடித்த பின், வாசல் கேட்டருகே, அறைகளுக்கு வெகுதூரத்தில், தகரக் கூரை போட்டு உட்காரத் திண்டு கட்டச் சொல்லி, சுற்றிலும் செடி வைத்துக் கொடுத்தாள்.

சித்திரையில் ஒருநாள் செடிகளைப் பார்க்கப் போனபோது அங்கே பெண்கள் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் என்பவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"வெயில்ல நிக்காதீக. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

பர்வீன் கைகழுவிவிட்டு உட்கார்ந்தாள்.