கால் முன்னால் போன ஸ்ட்ரெச்சர்

நோயாளியை விமானத்தில் ஏற்றிப் போகிற இந்தக் காலத்து டிரெசர் தம்பிகளுக்கு நான் சொல்வது வேடிக்கையாக இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் டிரெசராக, டாக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்க்கிறவனாக, இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் தகரக் கூரை, நாலைந்து கட்டில், மருந்து அலமாரி, அப்புறம் நான். என் கையை மீறியவர்களை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப லாரி உண்டு. ஆனால் லாரிக்குப் பாலம் வேண்டுமே! அந்த வருஷத்து அடைமழையில் பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது.

பார்த்து அப்போதுதானா தோட்டத்தில் பால் வெட்டுகிற அஞ்சலைக்குப் பிரசவ வலி எடுக்க வேண்டும்? பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தம் நிற்கவில்லை. என்னிடம் இருந்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். இனி பெரிய டாக்டர் கை வைத்தால்தான் பிழைப்பாள். மேட்டைத் தாண்டினால் ரயில் ஸ்டேஷன். ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போன் போட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஈப்போ வண்டியைக் கொஞ்சம் மறிச்சு வைக்கிறன். கன நேரம் ஏலாது, கெதியா வாங்கோ" என்றார்.

ஸ்ட்ரெச்சர் தூக்க நான்கு ஆட்கள் வந்தார்கள். முன்பிடியைப் பிடித்தவன் முனியாண்டி. அஞ்சலையின் புருஷன் சடையன் பக்கத்தில் நின்றான். இரத்தம் போன உடம்புக்குத் தலை தாழ்ந்திருக்க வேண்டும். மேடேறும்போது தலைமாடு முன்னால் போனால் தலை உயர்ந்துவிடும், மூளைக்கு இரத்தம் போகாது.

"கால முன்னால வெச்சுத் தூக்குங்கப்பா" என்றேன்.

தூக்கியவர்கள் அப்படியே இறக்கி வைத்தார்கள்.

"ஐயா, பொணத்தத்தானே அப்படிக் கொண்டு போவாங்க? உசுரோட இருக்கிறவள எப்படிங்க?" என்றான் முனியாண்டி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வைத்தியம் படிச்சது நானா, நீயா? தூக்குடா!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. சடையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அஞ்சலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயா, அப்படிக் கொண்டு போகாதீங்க. திரும்பி வரமாட்டேன்னு பயமா இருக்குங்க." அவள் நாடி என் விரலுக்கு அடியில் தறிகெட்டு ஓடியது.

சரி என்று தலைமாட்டை முன்னால் வைத்தே கிளம்பினோம். மேட்டில் கொஞ்ச தூரம்தான் ஏறியிருப்போம், அவள் உதடு வெளுத்தது, கண் செருகியது. "இறக்கு, இறக்கு!" என்று அலறினேன். தலையைச் சரிவுப் பக்கம் தாழ்த்திப் படுக்க வைத்ததும் மெல்ல முனகினாள். இனி கால் முன்னால் போனால்தான் உண்டு. ஆனால் ஒருவனும் பிடியில் கை வைக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பக்கத்து ரப்பர் மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த பொன்னி, அஞ்சலையின் அக்கா, வாளியும் கையுமாக ஓடி வந்தாள். "ஏன் நடுவழியில போட்டு வெச்சிருக்கீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"முனியாண்டி அண்ணே, நம்ம பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போவாங்களா?"

"போகமாட்டாங்க."

"அப்ப நான் முன்னால நடக்குறேன். பொம்பள முன்னால போனா, அது எப்படிச் சுடுகாட்டு வழியாகும்? ஏ மாரியக்கா, நீயும் வா!" என்று அடுத்த நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவளையும் கூப்பிட்டாள்.

முனியாண்டி கொஞ்சம் யோசித்தான். பிறகு அஞ்சலையிடம் குனிந்தான். "என்ன தங்கச்சி, போலாமா?"

"அக்கா முன்னால போனா போறேன்" என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில்.

இரண்டு பெண்கள் முன்னால், அடுத்து அஞ்சலையின் கால், கடைசியில் அவள் தலை. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினேன். திருப்பத்துக்குத் திருப்பம் பொன்னி, "அஞ்சல, இருக்கியாடி?" என்று குரல் கொடுப்பாள். "ம்" என்று பதில் வரும். அந்த "ம்" வருகிற வரை எனக்கு மூச்சு வராது.

ஸ்டேஷனில் கார்டு கொடியோடு நின்றார், அவரும் தமிழர்தான். வெள்ளைப் போர்வையையும் முன்னால் நீட்டிய காலையும் பார்த்தவர் கையை விரித்தார். "பொணத்த இந்த வண்டியில ஏத்த முடியாதுலா!"

"பொணம்னா நாங்க எதுக்குய்யா வாரோம்?" என்றாள் பொன்னி.

கார்டு அந்தப் பெண்களை ஒரு பார்வை பார்த்தார். வண்டிக் கடைசியில் இருந்த தன் வேன் கதவைத் திறந்துவிட்டார்.

அஞ்சலை பிழைத்தாள். பால்வெட்டை விட்டுப் பெண்கள் போனது ஏன் என்று தோட்டத்துத் துரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தூக்க நாலு ஆம்பளைங்க, முன்னால நடக்க ரெண்டு பொம்பளைங்க. இனிமே ஸ்ட்ரெச்சர் போனா இப்படித்தான் தொரை" என்றேன். முணுமுணுத்தார், ஒப்புக்கொண்டார்.

தம்பிகளே, எதில் ஏற்றிப் போனாலும் சரி, நோயாளிக்கு எதில் பயம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். நாடி பார்ப்பதுபோல் அதுவும் நம் வேலைதான். நான் அன்றைக்குக் கேட்கவில்லை, கத்தினேன்.

சில மாதம் கழித்து முனியாண்டிக்குத் தொடையில் வெட்டுக்கத்தி பட்டு இரத்தம் கொட்டியது. பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. கட்டுப்போட்டுக் கால் முன்னால் வைத்துத் தூக்கச் சொன்னேன். அவன் தலையைத் தூக்கப் பார்த்தான். "முன்னால யாரு?"

"நான்தான் அண்ணே, அஞ்சல."

அவன் தலையைச் சாய்த்துக்கொண்டான். "சரி, போலாம்."