கிழிக்க ஒன்றுமில்லாத கை

அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்குப் 'பாதி' என்று யார் பெயர் வைத்தார்களோ, இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. சீட்டை வாங்குவார், நடுவில் மடிப்பார், சர்ரென்று கிழிப்பார். ஒரு பாதி பெட்டிக்குள், மறு பாதி வந்தவர் கையில். வேலை அவ்வளவுதான். ஆனால் அது அவர் கையோடு வீடு வரைக்கும் போய்விட்டது. பன்னோ வாழைப்பழமோ, அவரிடம் அகப்பட்டால் இரண்டாகிவிடும். "நல்லவேளை, போர்வையை உங்க கையில குடுக்கல," என்று மனைவி கேலி செய்வாள். கேலி செய்துகொண்டே தன் பாதியை வாங்கிக்கொள்வாள்.

அவள் போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். பாதி அழவில்லை. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். அழுதால் தேவலையே என்று மகள் காத்திருந்து பார்த்துவிட்டு, தன் ஊருக்குத் திரும்பிப் போனாள். காலையில் அவர் பன்னை எடுப்பார். கை அதுவாகவே இரண்டாகப் பிய்க்கும். ஒரு பாதியைத் தின்பார். தின்பது பன்னா சீட்டு அட்டையா என்று அவருக்கே தெரியாது. மறு பாதி தட்டிலேயே காய்ந்து கிடக்கும்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று மகள் தினமும் போனில் கேட்பாள்.

"ஆச்சும்மா."

பசித்துச் சாப்பிட்டாரா என்று அவள் கேட்டதில்லை.

வீட்டைவிட அருங்காட்சியக வாசல் மேல் என்றுதான் அவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே முகங்கள் வரும், போகும். யாரோடும் பேச வேண்டியதில்லை. கைக்கு மட்டும் வேலை இருந்தது. அந்த வேலைக்கும் ஒருநாள் வேட்டு வைத்தார்கள். இனி அனுமதி இலவசம், சீட்டே கிடையாது என்று பலகை மாட்டினார்கள். வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் பாதியை வாசலிலேயே நிற்க வைத்தார்கள்.

"ஓசின்னா பினாயிலைக்கூடக் குடிக்கிற கூட்டம்ணே இது. பாருங்க, என்ன ஆகப்போகுதுன்னு," என்றார் மேற்பார்வையாளர். வயதில் சின்னவர், வாயில் பெரியவர்.

கூட்டம் வந்தது உண்மைதான். ஆனால் பினாயில் குடிக்கிற கூட்டமாக அது இல்லை. முன்பு காசு கொடுத்து வந்தவர்கள்தான், கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லாமல் ஓர் அறை விடாமல் பார்த்து, தீயணைப்புக் கருவியில் எழுதியிருப்பதையும் படித்துவிட்டு, கால்வலியோடு வெளியே வருவார்கள். மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். இப்போது வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் நுழைந்து ஒரு பழைய வாளை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருந்தால் நாளைக்கும் வந்தார்கள்.

பாதியின் கைக்கு மட்டும் இந்த இலவசம் புரியவில்லை. ஆள் வந்தால் அது நீண்டது. அவர் அதைச் சட்டைப் பையில் விட்டார், முதுகுக்குப் பின்னால் கட்டினார். கொஞ்சம் அசந்தால் மறுபடி நீண்டது. ஒருவர் அதைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சிறுமி தட்டிவிட்டு ஓடினாள். கண்ணியமான ஒரு பெரியவர் காசு போட்டார். போட்டதோடு நிற்காமல், வாசலிலேயே பிச்சை எடுக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் புகாரும் சொன்னார்.

"அண்ணே, மானம் போகுது. இன்னொரு தடவை கை நீண்டுச்சு, பின்னாடி கிடங்குக்குத்தான் உங்களை அனுப்பணும்," என்றார் மேற்பார்வையாளர்.

கிடங்கில் பெட்டிகள்தான் இருக்கும். வீடும் அப்படித்தான் இருந்தது. பாதிக்கு அந்த ஒன்று மட்டும் பயமாக இருந்தது. வேறு எதற்கும் அவர் பயப்படவில்லை.

தெருமுனையில் துணி தேய்க்கும் அம்மா மதியமானால் வருவாள். நேராக இரண்டாவது அறைக்குப் போய் ஒரே ஒரு ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். தண்ணீர்ப் பாத்திரத்தில் காலை நனைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம்.

"தினமும் அதையேவா பார்க்கிறே?" என்று பாதி ஒருநாள் கேட்டார்.

"விடிஞ்சதுல இருந்து நின்னுக்கிட்டே தேய்க்கிறேன். அவ உக்காந்திருக்கிறதைப் பார்த்தா என் காலுக்கும் ஆறுதலா இருக்குண்ணே. காசு வாங்கினா எல்லாத்தையும் பார்த்தாகணும். இப்ப எனக்கு அவ ஒருத்தி போதும்."

மறுநாள் அவள் கொய்யாப்பழம் தின்றுகொண்டே வந்தாள். பாதியின் கை நீண்டது. அவள் ஒன்றும் யோசிக்காமல் பழத்தை அதில் வைத்தாள். அவர் அதைச் சட்டென்று இரண்டாக்கி, ஒரு பாதியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேற்பார்வையாளர் படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே பாதி கிடங்குக்குப் போனார்.

அங்கே அவர் கை நீளவில்லை. நீள்வதற்கு ஆள் வேண்டுமே. மதியம் பன்னை எடுத்தார், பிய்த்தார். இரண்டு பாதிகளையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு இரண்டையும் தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார். வாசலில் யாரும் இல்லை. தடுக்கவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை. இத்தனை வருஷம் வாசலில் நின்றவர், பார்க்க வந்தவராக அன்றுதான் உள்ளே நுழைந்தார்.

தேய்க்கும் அம்மா பெஞ்சில் இருந்தாள். "என்னண்ணே, இன்னைக்கு நீங்களும் ஓசியா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். படத்துப் பெண்ணின் கணுக்கால் வரை தண்ணீர் இருந்தது. வீட்டில் மனைவி கால் நனைக்கும் பிளாஸ்டிக் தொட்டி குளியலறை மூலையில் கவிழ்ந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. பையிலிருந்த தாளைப் பிரித்து ஒரு பாதியை நீட்டினார்.

"இங்க தின்னக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? வாங்க, வெளிய போவோம்."

படியில் உட்கார்ந்தார்கள். அவள் தன் பாதியைக் கடித்தாள். "என்னண்ணே, பழைய பன்னா? காய்ஞ்சு போயிருக்கே!"

அவர் தன்னுடையதைக் கடித்துப் பார்த்தார். ஆமாம், காய்ந்துதான் போயிருந்தது. மென்று விழுங்கிவிட்டு இன்னொரு வாய் கடித்தார். அவருக்குப் பசித்தது.