ஏற்றத்துக்குக் கணக்கில்லை

லிப்ட் மெக்கானிக்கின் பிழைப்பில் ஒரு முரண் உண்டு. லிப்ட் ஒழுங்காக ஓடினால் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். அப்போது மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு அவர் படியேறித்தான் போயாக வேண்டும். ஊரார் கால் நோகாமல் மேலே போவதற்காகத் தன் வயதில் பாதியைப் படிகளில் கழித்த மனிதர் இவர். தொடை இரண்டும் தூண் மாதிரி. அந்தத் தூண்களை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை, மலைச் சைக்கிள் வந்து சேரும்வரை.

சைக்கிள் வந்தது சகலையிடமிருந்து. மனைவியின் தங்கை கணவரான சகலை, ஒரு டைல்ஸ் கடையின் மேலாளர். மாமனார் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் சகலை வந்திருக்கிறார் என்று பொருள். மின்விசிறி கழன்று தரையில் கிடந்தால் மெக்கானிக் வந்திருக்கிறார் என்று பொருள். மரியாதையில் இருவருக்கும் ஒரு குறையும் வைத்ததில்லை. ஒருவருக்கு நாற்காலி போடுவார்கள், மற்றவருக்கு ஏறி நிற்க ஸ்டூல் போடுவார்கள்.

சகலை புது வண்டி வாங்கியபோது பழையதை இவரிடம் தள்ளிவிட்டார். ஞாயிறு காலைகளில் இருவரும் ஊருக்கு வெளியே இருந்த குன்றுக்குப் போகத் தொடங்கினார்கள். உச்சியில் உட்கார்ந்து ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள். குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கணவனும் மனைவியும் போடும் சண்டையைச் சகலை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார். மெக்கானிக்குக்குக் கண்ணில் நீர் முட்டும். லிப்டின் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்று கம்பி வடத்துக்கு மசகு போடுகிறவருக்குச் சிரிக்க வைக்க வேறு ஆள் கிடையாது. வாரம் முழுவதும் அவர் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்காகத்தான். சைக்கிள் ஒரு சாக்கு.

எண்டூரோ என்ற மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று சொன்னதும் சகலைதான். இருவருக்குமே கன்னி முயற்சி, புதியவர் பிரிவு. மெக்கானிக் அந்த வாரம் முழுக்க ஒரே பாட்டுப் பாடினார்: ஏற்றத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன், இறக்கத்தில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், யாரும் நம்மை அசைக்க முடியாது. சகலை தலையாட்டினார்.

இங்கே ஒரு விவரம். எண்டூரோவில் மலையேறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. கடிகாரம் ஓடுவது இறங்கும்போது மட்டும்தான். ஏற்றம் வெறும் போக்குவரத்து. அடுத்த இறக்கத்தின் தொடக்கத்துக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தால் போதும், தள்ளிக்கொண்டும் போகலாம், ஊர்க்கதை பேசிக்கொண்டும் போகலாம். அங்கே கூடியிருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும், ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் பந்தயத்தன்று காலையில் விதிகளை விளக்கும் கூட்டத்துக்குப் போகவில்லை. சகலையின் பின்பிரேக்கில் ஏதோ உரசியது. "நீங்க இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே, நான் போய் ரெண்டு பேருக்கும் சேத்துக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிப் போன சகலை, திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "புதுசா ஒண்ணுமில்லண்ணே. ஏறணும், இறங்கணும்." அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

முதல் ஏற்றத்தில் மெக்கானிக் பாய்ந்தார். இளவட்டங்கள் வண்டியை உருட்டிக்கொண்டு அரட்டையடிக்க, இவர் நெற்றி வேர்வை ஹாண்டில்பாரில் சொட்டச் சொட்ட மிதித்துக் கடந்தார். வழியில் யாரோ கைதட்டினார்கள். உச்சியில், மணிக்கட்டில் கட்டியிருந்த சிப் 'பீப்' என்றது. இறக்கத்துக்கான கடிகாரம் ஓடத் தொடங்கியதற்கு அது அடையாளம். ஏற்றத்துக்கு மதிப்பெண் விழுந்துவிட்டது என்று இவர் எடுத்துக்கொண்டார்.

இறக்கம் வேறு கதை. பிரேக் பிடிக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதே இவர் தொழில். பிரேக்கை விடு என்றால் கை கேட்குமா? வேர்களிலும் பாறைகளிலும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துப் பிள்ளைத்தாய்ச்சி போல இறங்கினார். பின்னால் வந்தவர்களுக்கு ஓரமாக நின்று வழிவிட்டார். ஒருவரிடம் மன்னிப்பும் கேட்டார். பாதகமில்லை, அடுத்த ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது ஏற்றத்தில் சகலை மூச்சு வாங்கினார். மெக்கானிக் அவருடைய பையையும் வாங்கித் தன் முதுகில் போட்டுக்கொண்டார். சகலை மறுக்கவில்லை. "நீங்க முன்னாடி போங்கண்ணே" என்று மட்டும் சொன்னார், ஒவ்வொரு முறையும், அவ்வளவு பணிவாக.

கடைசி ஏற்றத்தில்தான் மெக்கானிக்கின் மனசாட்சி விழித்துக்கொண்டது. கீழே இருவரின் மனைவிமாரும் வந்து காத்திருந்தார்கள். மாமனார் வீட்டின் செல்ல மாப்பிள்ளையை, அவருடைய பழைய வண்டியிலேயே, அவர் மனைவி கண்ணெதிரே தோற்கடித்தால் நன்றாகவா இருக்கும்? அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் என்னாகும்? ஆகவே அவர் இறங்கி, சங்கிலி கழன்றுவிட்டதுபோல் குனிந்து அதை நோண்டிக்கொண்டிருந்தார். சகலை மெல்ல மிதித்து வந்து கடந்து போனார். போகும்போது, அவசரமில்லை, நிதானமாக வாருங்கள் என்றார்.

முடிவுகள் பலகையில் ஏறியபோது சகலை மூன்றாம் இடம். மெக்கானிக் கீழிருந்து இரண்டாவது. அவருக்குக் கீழே இருந்தவர் தோள்பட்டை நழுவி ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தார்.

நேரம் குறிக்கும் பெண்ணிடம் போய், என் ஏற்றத்தைச் சேர்க்க விட்டுப்போயிருக்கிறது என்றார் மெக்கானிக். அந்தப் பெண் கனிவோடு விளக்கினாள். அவர் இரண்டு முறை தலையாட்டிவிட்டு, சகலை நின்ற இடத்துக்கு வந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேண்ணே. நீங்க அவ்ளோ ஆசையா ஏறுனீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

கழுத்தில் பதக்கம் இருந்ததால் அது பெருந்தன்மை போலவே ஒலித்தது. மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"நேத்தே தங்கச்சி சொல்லிட்டா. மாமா ஏறுறதுக்கும் மார்க் உண்டுன்னு நெனச்சிட்டிருக்காரு, சொல்லிடாதக்கான்னா. சும்மா தமாஷுக்குத்தானேங்க."

குழியில் விழுந்தவனுக்கு வலியைவிட, மேலே கூடிநின்று எட்டிப் பார்க்கும் தலைகள்தான் தொந்தரவு. மெக்கானிக்குக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சகலையின் மானத்தைக் காப்பாற்றச் சங்கிலியை நோண்டிய கதையை அவர் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் முதலிலிருந்து மறுபடி சிரிப்பார்கள். முதுகில் இருந்த இரண்டு பைகளில் ஒன்றைக் கழற்றி உரியவரிடம் கொடுத்தார். காரில் வீடு வரும் வழியெல்லாம் சகலை ஆம்புலன்ஸில் இருந்தவர் முனகியதை நடித்துக் காட்ட, மூன்று பேர் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை வாசலில் சைக்கிள் மணி அடித்தது. மெக்கானிக் சமையலறை மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். தான் வீட்டில் இல்லை என்று சொல்லிவிடும்படி மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார். இந்த மாதிரி வேலையை அவர் இதற்குமுன் யாருக்கும் கொடுத்ததில்லை.

மனைவி போய்க் கதவைத் திறந்தார். "உள்ளதான் இருக்காரு. இல்லன்னு சொல்லச் சொன்னாரு."

சகலை வாய்விட்டுச் சிரித்தார். உள்ளேயிருந்தும் சிரிப்பு வரும் என்று சற்றுக் காத்திருந்தார். வரவில்லை. எட்டிப் பார்த்து, "அண்ணே?" என்றார்.

"நான் இல்ல சகலை" என்றார் மெக்கானிக். காப்பியைக் குடித்து முடித்தார்.