‘ஆஷ்சி’ என்று சொல்லிவிட்டுப் போன தம்பி

குழந்தைகளே, நடக்க முடியாத என் தம்பி மணியை விடுதியிலிருந்து வங்காளத்தில், டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்த புதிது. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால் அவனும் இல்லை, சக்கர நாற்காலியும் இல்லை.

“‘ஆஷ்சி’ன்னு குரல் கொடுத்தான். வங்காளியிலே ‘வரேன்’னுதானே அர்த்தம்? அடுக்களைக்கு வரான்னு காப்பி கலந்து வச்சேன்” என்று என் மனைவி அழுதாள்.

பக்கத்திலேயே ஏரி. அதை நோக்கி ஓடினேன். தெருமுனை டீக்கடையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

“சொல்லாம வரலாமாடா?”

“சொன்னேனே அண்ணா! வெளியே கிளம்பறச்சேயும் இங்கே அப்படித்தானே சொல்லுவா? இனிமே கதவைப் பூட்டிடுவியா?”

பூட்டத்தான் நினைத்திருந்தேன். அவன் கேட்டதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இப்போது கதவு திறந்தே இருக்கிறது. எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டே இருவரும் கிளம்புகிறோம். நானும் அவனிடம் “ஆஷ்சி” என்கிறேன்.